திரும்பவும் காலை டூட்டி

பஸ் கிளம்பிவிட்டது, ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது, பை மடியில் இருக்கிறது, பைக்குள் சாப்பாட்டு டப்பா இருக்கிறது, கேஸை மூடிவிட்டேன். மூடும்போது ‘கேஸ மூடிட்டேன்’ என்று சத்தமாகச் சொன்னேன், சொன்னது என் காதிலேயே விழுந்தது, குளியலறையிலிருந்து அவர் ‘சரி, மூடிட்ட’ என்று பதில் சொன்னதும் விழுந்தது, ஆகவே அது முடிந்துபோன காரியம், இனிமேல் அதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் மனசு ஒரு நடை போய் அடுப்படியில் நின்று குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. போய்விட்டு வரட்டும். முன்பெல்லாம் போனால் திரும்பியே வராது, அடுப்பிலிருந்து வாசல் பூட்டுக்கு, பூட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டிக்கு, அங்கேயிருந்து செத்துப்போன அம்மா வரைக்கும் போய் எங்கேயோ நின்றுவிடும், நான் மட்டும் இங்கே வெறும் ஆளாக உட்கார்ந்திருப்பேன். இப்போது போகிறது, வருகிறது. பேட்டையிலிருந்து ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எத்தனை வருஷம் இதே பஸ்ஸில் போயிருக்கிறேன், உலகம்மாள் சிஸ்டருக்கு ஜன்னலோரம் என்று கண்டக்டர்களே இடம் பிடித்துக் கொடுப்பார்கள். இன்றைக்கு இருக்கிற கண்டக்டர் புதுப் பையன், என்னைத் தெரியாது, டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிட்டுப் போய்விட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே. இடது மார்பில் கட்டி என்று தெரிந்து, அறுத்து, மருந்து ஏற்றி, கதிர்வீச்சு என்று கரண்டு வைத்து, எல்லாம் முடிந்து, முடி கொஞ்சம் சுருட்டையாக முளைத்து வந்து, இன்றைக்குத்தான் திரும்பவும் காலை டூட்டி. சீலையை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன், இடது பக்கம் படியவில்லை. சீலை என்ன செய்யும் பாவம்.

முடி போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், போனது, நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், முடிதானம்மா, வளந்துரும் என்று. வாய் புண்ணாகும் என்றார்கள், ஆனது. வார்த்தை போகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ மருந்து ஏற்றி வந்த பிறகு ஒரு காலையில் டீ போட்டுவிட்டு, வடிகட்டியைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, இது என்ன, இதற்கு என்ன பேர் என்று நின்றேன். டீ ஆறிவிட்டது. இது எதற்கு என்று தெரிகிறது, எந்தக் கடையில் வாங்கினோம் என்றுகூடத் தெரிகிறது, பேர் வரவில்லை. அவர் வந்து என்னளா, என்ன தேடுத என்றார். நான் இதத்தான் என்று தூக்கிக் காட்டினேன். கையில் வைத்துக்கொண்டே தேடுகிற பெண்டாட்டியை ஒரு நிமிஷம் பார்த்தார், சிரிக்கலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வடிகட்டி போனால் போகிறது, பத்தொன்பது வருஷமாக வாயில் ஊறிக் கிடந்த மருந்துப் பேர்கள் எல்லாம் என்ன ஆயின என்று அந்த இடத்திலேயே நின்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். சிலது வந்தது. சிலது தலையை மட்டும் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. அப்போது வந்த பயம் இது, இன்னும் போகவில்லை, இதோ இந்த பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறது: ஒரு கட்டில், கட்டிலில் ஒரு பொம்பளை, என் கையில் ஊசி, ஊசிக்குள் மருந்து, எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. எந்த ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் இந்தக் கட்டில்தான் வரும். பொம்பளையின் முகம் மாறும், கட்டில் மாறாது.

டவுன் வந்துவிட்டது, கூட்டம் ஏறுகிறது, மல்லிகைப்பூ வாசனையும் யாரோ தலையில் வைத்த நல்லெண்ணெய் வாசனையும். வாசனை மட்டும் ஒருநாளும் என்னை விட்டுப் போகவில்லை, அதற்கு யாருக்கு நன்றி சொல்ல. மதுரையில் பார்த்த அந்த டாக்டருக்கு என் மகள் கோமதியைவிட நாலு வயசு கூட இருந்தால் அதிகம். நான் அழுதுகொண்டே வடிகட்டிக் கதையைச் சொன்னபோது அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ‘மருந்தோட மந்தம்தான் இது, நிறைய பேருக்கு வருது, மெதுவா விலகும். ஆனா விலகுதா விலகுதான்னு உக்காந்து பாத்துட்டே இருக்காதீங்க. நேரத்துக்குத் தூங்குங்க, தினம் நடங்க, நாலு பேர்ட்ட பேசுங்க, தெரியாத வேலை ஏதாவது ஒண்ணு புதுசாக் கத்துக்கோங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் செய்ங்க’ என்றாள். இதைத்தானா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. மாத்திரை எழுதித் தருவாள் என்று போனவள் நான். நர்ஸுக்கே மாத்திரையில்தான் நம்பிக்கை. நடை, தூக்கம், பேச்சு, இதெல்லாம் ஒரு வைத்தியமா. ஆனால் பக்கத்து நாற்காலியில் இவர் உட்கார்ந்து சாமி வாக்கு கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார், நான் கவனிக்கவில்லை.

ஆவுடையப்பன் என்கிற இந்த மனுஷன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டே ஹெல்மெட்டைத் தேடுகிறவர். கல்யாணமான புதிதில் என்னை ஒரு தடவை ஜங்ஷனில் டீக்கடை வாசலில் நிற்கவைத்துவிட்டு, சாமான் வாங்கப் போனவர், நேராக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருடைய அக்காள் ‘உலகு எங்கடா’ என்று கேட்ட பிறகுதான் திரும்பி வந்தார். அந்த மனுஷன் எனக்கு ஞாபகத்துக்கு வாத்தியார். மதுரையிலிருந்து வந்த மறுநாளே விடியும் முன்னால் எழுப்பிவிட்டார், வா நடப்போம் என்று. ஒருநாள் கால்வாய்க் கரையோரமாக, ஒருநாள் ரயில்வே கேட் பக்கம், தினம் ஒரே வழியில் போனால் காலுக்குத்தான் வேலை, தலைக்கு வேலையில்லை என்று யாரோ அவர் கடையில் சொன்னார்களாம். போகும்போது பேசமாட்டார், திரும்பும்போது கேட்பார், அந்தப் பச்சைக் கேட் வீட்டு வாசல்ல என்ன கெடந்திச்சு. எனக்குக் கோபம் வரும். நான் என்ன போலீஸா என்பேன். ஆனாலும் மறுநாள் நானே அந்த வாசலைப் பார்ப்பேன், ஒரு ஒற்றைச் செருப்பு, காய்ந்துபோன வாழையிலை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்துவிட்டு, இன்னைக்கு என்ன நடந்திச்சு, சாயங்காலத்துல ஆரம்பிச்சு காலைக்கு வா என்பார். பின்னாலிருந்து முன்னால் வருவது ஆற்றில் எதிர் நீச்சல் மாதிரி. நடுவில் ஒரு மத்தியானம் முழுசாகக் காணாமல் போயிருக்கும். நான் இட்டுக்கட்டிச் சொல்லிப் பார்ப்பேன், கீரை ஆய்ந்தேன் என்று. கீரையே வாங்கலியே என்பார் மெதுவாக. ஒருநாள் அவரிடமே நான் திருப்பிக் கேட்டேன், நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன நடந்திச்சு. அவர் யோசித்தார், யோசித்தார், ‘எனக்கு ஒண்ணும் ஞாவகம் இல்லளா’ என்றார். இரண்டு பேரும் இருட்டில் படுத்துக்கொண்டு சிரித்தோம். நோவு வந்த பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டாலும் அதையே முதல் சிரிப்பாக வைத்துக்கொள்கிறேன்.

புதிய வேலைதான் ஒன்றும் அகப்படவில்லை. கோமதி கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டு, ஏதாவது பாஷை படிம்மா என்றாள். இருக்கிற பாஷையே வாயில் நிற்கவில்லை, இன்னொன்றா. கடைசியில் இவர்தான் சொன்னார், கடைக்கு வா, நான் ஃபேனுக்குக் காயில் கட்டச் சொல்லித் தாரேன். இவருடைய கடை மோட்டார், ஃபேன் எல்லாவற்றுக்கும் கம்பி சுற்றுகிற கடை. இத்தனை வருஷத்தில் நான் அந்தக் கடைக்குள் ஒரு தடவை ஒழுங்காக உட்கார்ந்ததில்லை, ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி, வீடு. எரிந்துபோன ஃபேனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பழைய கம்பியைப் பிடுங்கி, புதிய செம்புக்கம்பியை மயிரிழை மாதிரி சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றையும் எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போது தெருவில் ஆரன் அடித்தால் போச்சு, யாராவது அண்ணாச்சி இருக்காகளா என்று தலையை நீட்டினால் போச்சு. விட்ட இடம் தெரியாது. முதல் நாள் திரும்பத் திரும்ப விட்டுவிட்டு, கம்பியை வீசி எறிந்துவிட்டு, இதுக்கு ஒரேயடியா செத்துப் போயிருக்கலாம் என்றேன். கடையில் ஒரு வாடிக்கைக்காரர் நின்றுகொண்டிருந்தார், அவர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் கம்பியைப் பொறுக்கி எடுத்து, சிக்கை எடுத்து, என் கையில் கொடுத்து, ‘எனக்கும்தான் விட்டுப்போவும். யாரு கூப்பிட்டாலும் ஏன்னு கேக்காத. எண்ணுதப்ப எண்ணு மட்டும்தான், ஆளு கெடையாது’ என்றார். அந்த டாக்டர் பெண் சொன்னதும் இதுதானே. எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் வாழ்நாள் முழுவதும் ஒரு நேரத்தில் நாலு வேலை செய்தே பெருமைப்பட்டுக்கொண்டவள், ஒரு கையில் சலைன் பாட்டில், காதில் போன், கண் எதிர்க் கட்டிலில். இப்போது முடியவில்லை என்று அழுகிறேனே, அது முன்னாலும் சரியாக இருந்ததா. தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ மத்தியானங்கள், அந்தச் செம்பு வாசனையும் வார்னிஷ் வாசனையும், அவர் மோட்டாருக்குச் சுற்ற, நான் ஃபேனுக்குச் சுற்ற, இரண்டு பேரும் உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருப்போம், பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் ஜெபம் பண்ணுகிற மாதிரி இருந்திருக்கும். நான் கட்டிய முதல் ஃபேனை ஒரு சலூன்காரர் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து நான் அந்தப் பக்கம் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒருத்தர் முகம் முழுக்க நுரையோடு தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வரைக்கும் நான் தரையில் நடக்கவில்லை.

ஜங்ஷன். இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள். பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்கிறாள், கையில் தூக்குவாளி, முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும், பச்சைக் கண்ணாடி வளையல். உட்கார்ந்தவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பிறகு சிரிக்கிறாள். ‘சிஸ்டர், நல்லாருக்கீங்களா? முடிய ஏன் இப்பிடி வெட்டிட்டிய? ஆள் அடையாளமே தெரியல.’ நல்லாருக்கேம்மா என்று வாய் சொல்லிவிட்டது, உள்ளே எல்லாம் நின்றுவிட்டது. யார் இவள். தாடையில் மச்சம், மச்சத்தைத் தெரிகிற மாதிரி இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. பக்கத்துத் தெருவா, கோமதியோடு படித்தவளா, வார்டில் வேலை பார்த்தவளா. அ, ஆ, இ என்று எழுத்து வரிசையாகப் போய்ப் பார்க்கிறேன், பேர் மறந்தால் அப்படிப் பார்க்கிறது ஒரு வழி, சில நேரம் அந்த எழுத்து வந்ததும் பேர் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். க, கனகா, காந்தி, ச, செல்வி, சரோஜா, ஒன்றும் அசையவில்லை, முகம் அப்படியே பேர் இல்லாமல் நிற்கிறது. அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், நான் உம் உம் என்கிறேன், வேர்க்கிறது, இன்றைக்கே இப்படியா, வார்டுக்குள் கால் வைக்கவே இல்லை, அதற்குள்ளா. இறங்கிவிடலாமா. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டால் வீடு, அவர் ஒன்றும் கேட்கமாட்டார், ஒரு வார்த்தை கேட்கமாட்டார், அதுதான் தாங்காது. பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறுகிறது. கீழே தண்ணீர் கொஞ்சமாக, பாறையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, ஒரு ஆள் இடுப்பளவில் நின்று முங்கி எழுந்திருக்கிறான், எழுந்தவன் கண்ணைத் துடைக்காமல் கிழக்கே பார்க்கிறான். தெரியலைன்னா கேட்டுரு என்பார் இவர், கேட்டா என்ன, தெரிஞ்சிரும், அவ்ளதான.

‘கோவிச்சிக்காதம்மா’ என்கிறேன். ‘எனக்கு உடம்புக்கு முடியாமப் போயிருச்சு. அதுல ஆளுங்க பேரெல்லாம் கொஞ்சம் மறந்துபோச்சு. உன் பேரு வரமாட்டேங்கு.’ அவள் கண்ணை அகல விரிக்கிறாள். ‘எப்பிடி சிஸ்டர் வரும்? நான் உங்கள்ட்ட பேரே சொன்னதில்லயே’ என்கிறாள். ‘எங்கம்மா உங்க வார்டுலதான் கெடந்தா, ரெண்டு வருசம் முந்தி, மூச்சு முட்டி. எனக்கு உள்ள வரப் பயம். வராந்தாலயே நின்னு அழுதிட்டிருப்பேன். நீங்கதான் வந்து கையப் பிடிச்சி இழுத்திட்டுப் போயி, இங்கன உக்காரு, அம்மா கைய விடாதன்னிய. ஒரு ஸ்டூலக் கொண்டாந்து நீங்களே போட்டிய.’ அம்மா எப்படி இருக்கா என்று கேட்க வாயெடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறேன். ‘அன்னைக்குச் சாயந்தரமே போயிட்டா’ என்கிறாள். ‘ஆனா நான் கையப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன். நீங்க இழுத்திட்டுப் போகலன்னா வராந்தாலதான் நின்னிருப்பேன். இப்ப என் மச்சினி அங்கதான் பிள்ள பெத்திருக்கா, அவளுக்குத்தான் கஞ்சி கொண்டு போறேன்.’ நான் தேடிப் பார்க்கிறேன். அந்த நாள் இல்லை. ஸ்டூல் இல்லை, அழுகிற பெண் இல்லை. மருந்து கொண்டுபோனதா, இல்லை, எத்தனையோ ஸ்டூல்களில் அதுவும் ஒன்று என்று அப்போதே போய்விட்டதா, இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது எங்கேயும் போகவில்லையே, இவளிடம் இருக்கிறதே, எவ்வளவு பத்திரமாக, எந்தச் சாயங்காலம் என்பதுவரைக்கும். நான் செய்ததை நானே வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது. எத்தனை பேர் எனக்காக எதையெதை வைத்துக்கொண்டிருக்கிறார்களோ, இந்த ஊர் முழுக்க, முகம் தெரியாமல். ‘இப்பமாவது பேரச் சொல்லு’ என்கிறேன். ‘சண்முகக்கனி.’ ‘சண்முகக்கனி, உங்கம்மா பேரு?’ ‘அம்மா சூரவடிவு.’ ‘சரி சண்முகக்கனி, மச்சினிக்கு என்ன பிள்ளை?’ பேரை வாயில் போட்டுப் போட்டுப் பேசினால் நிற்கும், அதுவும் ஒரு பழக்கம். அவளுக்கு அது தெரியாது, நான் ஆசையாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள், சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வருகிறாள். ஆசையும்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறோம், அவள் பிரசவ வார்டுப் பக்கம் போகிறாள், நான் இந்தப் பக்கம். டெட்டால் வாசனை வந்து முகத்தில் மோதுகிறது, என் வீட்டு வாசனை. தலைமை நர்ஸ் செல்வராணி மேடம் வார்டு வாசலிலேயே நிற்கிறார். போன மாதம் நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அழுதுகொண்டு வந்து நின்றபோது, இந்த மேடம்தான், ‘உலகு, நீ தப்புப் பண்ணிருவோமோன்னு பயப்படுதல்லா, அந்தப் பயம் இருக்கவ எனக்கு வேணும். வந்து கொஞ்ச நாள் ஜெயசீலிகூட சேந்து பாரு, உன்னால முடியலன்னா அப்ப பேசுவோம்’ என்றார். இப்போது என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, போ, ரவுண்டு ஆரம்பிச்சிட்டாங்க என்கிறார். ராத்திரி டூட்டிப் பெண் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள், இந்தம்மாவுக்குக் காய்ச்சல், இந்தம்மாவுக்குச் சுகர், கால்ல புண்ணு. நானும் நர்ஸ் ஜெயசீலியும் பின்னால் போகிறோம். ஒரு நேரத்தில் ஒரு முகம், ஒரு பேர், ஒரு நோவு. பக்கத்துக் கட்டிலைப் பார்க்கவில்லை. யாரோ பின்னால் சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள், இதோ வாரேன் என்று சொல்லிவிட்டு, இந்தக் கட்டிலை முடித்த பிறகுதான் திரும்புகிறேன்.

காலில் புண் உள்ள அம்மா பேர் பிச்சம்மாள், பீடி சுற்றுகிறவள், விரல் நுனியெல்லாம் காய்ப்பு. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். மேஜையில் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன், மருந்தை எடுத்தேன், ஜெயசீலியும் பார்த்தாள், சரி என்றாள். கட்டிலுக்கு நடந்து வந்தேன். பேரைக் கேட்டேன், சொன்னாள். அவள் சீலையை வயிற்றிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டாள். ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோகும்போது எனக்குள் ஒன்று நின்றுவிட்டது. பத்தா, பதினாறா. ஷீட்டில் எது இருந்தது, ஊசியில் எது இருக்கிறது, ஊசியில் இருப்பதைப் பார்க்கிறேன், பத்து, ஆனால் ஷீட்டில் இருந்தது பத்துதானா, பதினாறு முந்தின கட்டிலுக்கா. இதுதான் அந்தக் கட்டில். எத்தனையோ ராத்திரி வந்த கட்டில், இப்போது பகலில், வெளிச்சத்தில், இரும்புக் கால்களோடு நிற்கிறது. முகமும் வந்துவிட்டது, பிச்சம்மாள் முகம். அவள் என்னைப் பார்க்கிறாள். ‘என்ன சிஸ்டர், மறந்துட்டீகளோ?’ இல்லை என்று சொல்லியிருக்கலாம். ‘ஆமாம்மா’ என்கிறேன். ‘ஒரு நிமிசம், பாத்துட்டு வந்துருதேன்.’ ‘பாத்துட்டு வாங்க. நான் எங்க போயிரப் போறேன்’ என்கிறாள், விலக்கின சீலையை விலக்கினபடியே வைத்துக்கொண்டு.

மேஜைக்கு நடக்கிறேன். ஷீட்டைப் பிரிக்கிறேன், பத்து. ஜெயசீலியைக் கூப்பிட்டு, வாய்விட்டு ஒருதடவ படி என்கிறேன். பிச்சம்மாள், பத்து யூனிட் என்று படிக்கிறாள், அவள் முகத்தில் பரிதாபமும் இல்லை, ஒன்றும் இல்லை, வேலைதான் இருக்கிறது. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இவ்வளவுதானா. அந்தக் கட்டிலுக்கு அடுத்தது என்ன என்று ஒரு ராத்திரிகூட நான் பார்த்ததில்லை, பார்க்கப் பயந்து கண்ணைத் திறந்துவிடுவேன். அடுத்தது இதுதான், திரும்பி நடந்து வந்து ஒரு தாளைப் பார்ப்பது. திரும்பவும் போகிறேன். பிச்சம்மாள் அப்படியே காத்திருக்கிறாள். ஊசி போட்டு, பஞ்சை வைத்து அமுக்குகிறேன். ‘வலிச்சிதாம்மா?’ ‘இல்ல, கட்டெறும்பு கடிச்சாப்ல இருந்திச்சு.’ ‘சாப்பாடு வந்ததும் ஒடனே சாப்பிட்டுரணும், பேசிட்டு இருக்கக் கூடாது.’ ‘பசிக்கத்தான் செய்யுது. இன்னைக்கு என்ன போடுவாக, உப்புமாவா?’ ‘தெரியலயே’ என்கிறேன், அது உண்மையிலேயே எனக்குத் தெரியாது. ‘வந்ததும் பாத்துச் சொல்லுதேன்.’ வராந்தாக் கோடியில் சாப்பாட்டு வண்டியின் சக்கரம் கிறீச்சிடுகிறது. பிச்சம்மாள் எழுந்து உட்காருவதற்குக் கையை நீட்டுகிறாள், நான் பிடித்துக்கொள்கிறேன்.